பள்ளிக்கூடத்துக்குள் அம்மா போட்ட கல்

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி வாசலில் ஒரு கருங்கல் கிடக்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் காலில் ஒட்டிய சேற்றை அதன் ஓரத்தில் தேய்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். நடுவில் லேசாகக் குழிந்த கல். அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுள்ள ஆசிரியர்களுக்குத் தெரியாது. அது எங்கள் வீட்டுக் கல். என் அம்மா சும்மாடு கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துக்குள் போட்டாள், புளி தட்டுவதற்காக.

அப்போது அது ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். மண் சுவர், மேலே புல் கூரை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. மாரண்டஹள்ளிச் சந்தைக்கு நடந்தே போய்வரும் ஊர் எங்களுடையது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புவரை போவார்கள். அதற்கு மேல் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். ஆம்பிளை வாத்தியார், சுற்றிலும் பையன்கள், நடுவில் வளர்ந்த பெண்ணா என்று கேட்பார்கள். நான் இரண்டாம் வகுப்பை முடித்தபோது என்னோடு படித்த பெண்களை எல்லாம் ஆடு மேய்க்கவும் களை எடுக்கவும் அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றடியில் எல்லாப் பெண்களும் இருக்கும் நேரமாகப் பார்த்து, “நான் போயி அங்க உக்காந்துக்கறேன். அப்ப அனுப்புவீங்களா?” என்று கேட்டுவிட்டாள். சும்மா ஒரு பேச்சுக்குத்தான், “நீ உக்காந்தா அனுப்பறோம்” என்றார்கள். அம்மாவிடம் பேச்சுக்காகப் பேசினால் இப்படித்தான் ஆகும். அடுத்த நாளே ஒரு மூட்டைப் புளியும், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும், அந்தக் கல்லும் பள்ளிக்கூடத்தின் பின் மூலைக்கு வந்து சேர்ந்தன. சொன்ன சொல்லுக்காக மற்ற வீட்டுக்காரர்களும் பெண்களைத் திரும்ப அனுப்பினார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. மாசி, பங்குனியில் புளி தட்டுவாள். மற்ற மாதங்களில் ஆமணக்கு உரிப்பாள், கேழ்வரகில் கல் பொறுக்குவாள். எங்கள் பாடத்துக்கு நடுவே கொட்டாப்புளி ‘டொக், டொக்’ என்று விழுந்துகொண்டிருக்கும். அறை முழுக்கப் புளி வாசம். வாய்பாடு சொல்லும்போதே பையன்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். என் அப்பா ஊராரிடம், “எங்கூட்டுக்காரி பள்ளிக்கூடத்துல சேந்துட்டா. எந்த வகுப்புன்னுதான் வெளங்கல” என்று சொல்லிச் சிரிப்பார். அம்மா அங்கே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாளா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. அவளுக்கு அதில் அக்கறையும் இல்லை. பார்ப்பதுதான் அவள் வேலை. பார்த்ததை எல்லாம் சாயங்காலம் கிணற்றடியில் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் துளியும் கிடையாது. கூரை ஒழுகுகிறது, பலகை உடைந்திருக்கிறது, போன வருஷம் சொன்ன பாட்டையே இந்த வருஷமும் சொல்கிறார்கள், வாத்தியார் சோறு தின்றதும் தூங்குகிறார். தெலுங்கு பேசும் குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் தெலுங்கு பேசியதற்கு அடி வாங்கிய அன்று அம்மா கொதித்துப்போனாள். வாத்தியாரோடு அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை. அறை நடுவே நின்ற தூணைப் பார்த்து, “தெலுங்கு பேசுறதுக்கு அடிச்சா, பாவம், அது எந்த பாசையில அழுவும்?” என்று கேட்டாள். வாத்தியாரும் தூணைப் பார்த்தே பதில் சொன்னார்: “இது பள்ளிக்கூடமா, புளி மண்டியான்னு எனக்கே சந்தேகமா இருக்குது.” அவருக்கும் எங்கள் ஊரைப் பிடிக்காது. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில், அவருடைய சொந்த ஊர்ப் பக்கம், ஓடு வேய்ந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே மாற்றல் கேட்டு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவை வெளியே போகச் சொல்ல அவரால் முடியவில்லை. அவள் எழுந்தால் கூடவே பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் ஆள் குறைந்துபோகும். அவர் கண் அயரும்போதெல்லாம் கொட்டாப்புளி ஓங்கி விழும். அவர் திடுக்கிட்டு எழுந்து, “எங்கே விட்டோம்?” என்பார். இப்படியே நாங்கள் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டோம்.

அது யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடையாது, காகிதம் கிடையாது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று மேலிடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நாவல் மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று கேட்டார். “ரொம்ப நல்லா நடக்குதுங்க” என்றார்கள். குறை ஏதாவது உண்டா? “ஒண்ணும் இல்லீங்க.” வந்த அதிகாரியிடம் குறை சொல்வது, விருந்தாளி முன்னால் சோறு சரியில்லை என்று சொல்வது போல எங்கள் ஊரில். பிறகு அவர் கேட்டார்: “அக்கரையிலே நல்ல ஓட்டுக் கட்டடம் இருக்கு, ரெண்டு வாத்தியார் இருக்காங்க. இதை அதோட சேத்துடலாமா?” அதற்கும், “ஆவட்டுங்க சாமி, உங்க சித்தம்” என்றுதான் சொன்னார்கள். மரியாதை குறையாமல் பேசிவிட்ட திருப்தி எல்லார் முகத்திலும் தெரிந்தது. அந்த ஒரு சொல்லில் எங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டது என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கரைக்கு என்னை யார் அனுப்புவார்கள்?

உள்ளே கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. அம்மா கையில் ஒட்டிய புளியைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

“நல்லா நடக்கலீங்க சாமி” என்றாள். “கூரை ஒழுவுது. சிலேட்டு பாதி ஒடஞ்சது. வாத்தியாரு சோறு தின்னா தூங்கிப்புடுவாரு. தெலுங்குக்காரப் பசங்கள அடிக்கறாரு.”

பெரியவர்கள், “ஏய், சும்மா இரு புள்ள” என்று பல்லைக் கடித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. முகத்தைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் சிரித்தபடி, “அப்போ மூடறதுதானேம்மா நல்லது?” என்றார்.

“கூரை ஒழுவுதுன்னு ஆராச்சும் வூட்ட இடிப்பாங்களா? கூரைய வேயச் சொல்லுங்க. வாத்தியார முழிச்சிருக்கச் சொல்லுங்க. ஆத்துல தண்ணி வந்தா பையனுங்க நீஞ்சிப் போயிருவானுங்க. பொட்டப்புள்ளைங்கள அக்கரைக்கு ஆரு அனுப்புவாங்க? இதோ நிக்கறாங்களே, இவங்களையே கேளுங்க.”

அவர் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பி, “நீர் என்ன சொல்றீர்?” என்றார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பள்ளிக்கூடம் அக்கரைக்குப் போனால் வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்த இடம் அவருக்குக் கிடைத்துவிடும். அம்மா சொன்னது பொய் என்று சொல்லிவிட்டால் அவர் பெயரும் தப்பித்துவிடும். ஒரே வார்த்தை போதும்.

வாத்தியார் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். “அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம் சார். நான் தூங்கினது நெசம், அடிச்சதும் நெசம். ஆத்தைத் தாண்டி இந்தப் பொண்ணுங்க ஒருத்திகூட வரமாட்டாங்கறதும் நெசம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் தூணைத் தேடவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. மழைக்கு முன் ஊரே சேர்ந்து புதுப் புல் வேய்ந்தது. வாத்தியாருக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது, மாற்றல் வரவில்லை. எங்கள் செட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஐந்தாம் வகுப்பை முடித்தோம். அதற்காக இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கிணற்றடியில் அவர் தலை உருளாத நாளே கிடையாது. சில வருஷம் கழித்து மாற்றல் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, “இன்னும் பலகை வாங்கித் தரலை. கேட்டுக்கிட்டே இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். “நீங்க போனா நான் இனி ஆர வையறது?” என்றாள் அம்மா. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் அதே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். என் பேத்தி நான்காம் வகுப்பு படிக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, நான்தான் போனேன். இப்போது காரைக் கட்டடம், பெஞ்சு எல்லாம் இருக்கிறது. கூட்டம் வராந்தாவில் நடந்தது. இடம் போதாமல் வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். சின்ன வயது ஆசிரியை, நல்ல பெண், “ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க” என்றார். “ஒண்ணும் இல்லீங்க மிஸ், எல்லாம் சூப்பரா இருக்கு” என்று பெற்றோர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் கல்லில் கையை ஊன்றி எழுந்தேன்.

“பொட்டப்புள்ளைங்க கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்க டீச்சர். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்கறா. அதுக்குப் பயந்து எம் பேத்தி காலையிலிருந்து தண்ணியே குடிக்கறதில்ல.”

பேத்தி புத்தகப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒருவர், “உக்காருங்க பாட்டி” என்று என் முந்தானையை இழுத்தார். டீச்சர் பதில் சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.