ஒடிலியா எழுதிய வருகைப் பதிவு

பியேத்ரா சோலா நகர்மன்றத்தில் இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்தவர் ஒடிலியா கார்கமோ. ஹொண்டுராஸ் மலையோரத்து ஊர் அது. மேயர்கள் வந்தார்கள், போனார்கள், மாமன் மச்சானையெல்லாம் வேலைக்கு வைத்தார்கள். தீர்மானப் புத்தகம் மட்டும் ஒடிலியாவின் கையை விட்டுப் போகவில்லை. அவையில் யார் எதைச் சொன்னாலும் எழுதிவிடுவார், தும்மலைத் தவிர. எழுதியதை அடிக்க எந்தக் கொம்பனுக்கும் உரிமை கிடையாது.

1924 உள்நாட்டுச் சண்டையில் இரண்டு உறுப்பினர்கள் செத்துப்போய், மன்றத்தைக் கூட்ட ஆள் போதாமல் போனது. மிச்சம் இருந்தவர்கள் செத்தவர்களின் பெயரைக் கூப்பிட்டுத் தாங்களே சேர்ந்து "ப்ரெசென்தே" என்று குரல் கொடுத்துக் கூட்டத்தை நடத்திவிட்டார்கள். 'வந்திருக்கிறேன்' என்று அர்த்தம். அன்றிலிருந்து இறந்த உறுப்பினருக்கு அப்படி ஒரு கடைசிக் கூப்பாடு உண்டு. அது முடிந்தால்தான் பெயரை நீக்கி, அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்கலாம்.

ஒடிலியாவின் தம்பி லிசாந்த்ரோவும் உறுப்பினர்தான். மலை மேலிருக்கும் ஊற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், பதினோரு மாதமாகத் திரும்பவில்லை. மலையைச் சுரங்கக் கம்பெனிக்குக் கொடுக்க நான்கு கைகள் உயர வேண்டும். மேயர் வென்செஸ்லாவோ பக்கம் மூன்றுதான் இருந்தன; லிசாந்த்ரோ கடைசிவரை கை தூக்கவில்லை.

மாதம் இரண்டு செவ்வாய் ஒடிலியா தம்பியின் பெயரைக் கூப்பிடுவார். ஒரு மூச்சு காத்திருந்து, 'வரவில்லை' என்று எழுதுவார்.

"டோன்யா, கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க. மலை மேல கேக்காதுல்ல!" என்பான் மேயரின் வலதுகையான உறுப்பினர் ஃபிலாதெல்ஃபோ. 'டோன்யா' என்றால் அம்மணி, மரியாதைச் சொல்தான். இரண்டு பேர் சிரிப்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று ஒடிலியாவுக்குத் தெரியும். கூட்ட நாள் காலையில் மண்டபத்தைத் திறந்தால், லிசாந்த்ரோவின் நாற்காலி மட்டும் பின்னால் நகர்ந்திருக்கும். அதன் கீழே ஈரம் காயாத சிவப்பு மண் கிடக்கும். பூட்டு பூட்டியபடி, சாவி இவர் இடுப்பில். பயப்பட வேண்டியவர் சந்தோஷப்பட்டார். தம்பி எங்கோ ஒளிந்திருக்கிறான், கள்ளச்சாவி போட்டு வந்து போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யார் கண்ணிலும் படாமல் மண்ணைத் துடைத்தெடுப்பார். ஒருமுறை மேசையில் அவனுக்காகத் தோர்தியா ரொட்டியும் பயறும் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அது கை படாமல் காய்ந்து கிடந்தது.

கடைசியில் மேயரே வந்து சொன்னார். "டோன்யா, வர்ற செவ்வாக்கிழமை உங்க தம்பிக்குக் கடைசிக் கூப்பாடு."

"அவன் செத்தத யாரு பாத்தா?"

"உசுரோட இருக்கிறத மட்டும் யாரு பாத்தா? காலி நாற்காலிய வெச்சுக்கிட்டுப் பூசையா வைக்கிறது? நீங்க கூப்பிடலேன்னா, கூப்பிடுற செயலாளர நான் கொண்டு வர்றேன்."

இந்த வாயால் தம்பியைச் சாகடிப்பதா என்று ஒடிலியா ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் வேறொருவர் வாயில் அவன் பெயர் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. சன்னல் வழியே வெயில் அடித்தது. மேயரும் ஐந்து உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள்.

"லிசாந்த்ரோ கார்கமோ."

"ப்ரெசென்தே," என்றார்கள் ஆறு பேரும்.

ஒடிலியா பேனாவைத் தாளில் வைத்தார். அப்போது ஏழாவது குரல் வந்தது. காலி நாற்காலியிலிருந்து, வாயில் மண் அடைத்தவன் பேசுவது மாதிரி, மெதுவாக.

"ப்ரெசென்தே."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியின் குரல் ஒடிலியாவுக்குத் தெரியாதா? உயிரோடு இருப்பவன் அப்படிப் பேசமாட்டான் என்பதும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பதினோரு மாதம் பிடித்து வைத்திருந்த நம்பிக்கை போயே போய்விட்டது.

ஃபிலாதெல்ஃபோ அப்படியே தரையில் உட்கார்ந்தான். மேயரைப் பார்த்து அழ ஆரம்பித்தான். "ஆழமாத்தானே தோண்டினோம்... ஊத்துப் பக்கம் வேணாம், ஈர மண்ணுன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"வாய மூடுடா!"

ஒடிலியாவின் கண்ணீர் தாளில் சொட்டியது. கை நிற்கவில்லை. 'லிசாந்த்ரோ கார்கமோ, வந்திருக்கிறார்' என்று எழுதினார். கீழே ஃபிலாதெல்ஃபோ சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். மேயர் சொன்னதையும் எழுதினார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் அவன் முன்னால் விரித்து வைத்தார்.

"சரியா இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு, கையெழுத்துப் போடுங்க."