குளத்தை மண் போட்டு மூடிய கதை

வெர்னெல் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அலபாமாவில் எங்கள் ஊர்க் கறுப்பர் யாருக்குமே தெரியாது. நகரசபை நீச்சல் குளம் வெள்ளைக்காரர்களுக்கு, எங்களுக்கு ஆறு. முங்கத் தெரிந்தால் போதும், எழுந்து வருவதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. அக்காவின் மகன் லோனி முங்கினான். எழுந்து வரவில்லை.

அடுப்பில் சுட வைத்த இரும்புச் சீப்பால் பெண்களின் சுருட்டை முடியை நேராக்குவது அக்காவின் தொழில். வருகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்பதால், எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. லோனியைப் புதைத்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். இளையவள் கிளீட்டா அந்தக் குளத்தில் நீச்சல் பழக வேண்டும். நகரசபையில் சிரித்தார்கள். சரி, நேராகக் குளத்துக்கே போவோம் என்றார் அக்கா. எங்கள் தெருவில் ஆறு பெண்பிள்ளைகள் சேர்ந்தோம்.

இப்படிப் போராடப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதுபோல் சீவி உடுத்திப் போக வேண்டும். அதில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. முந்தின நாள் முழுக்க அக்கா சீப்பும் கையுமாக நின்றார். என் காதைக்கூடச் சுட்டார். ஆறு தலையும் பளபளவென்று நேரானது. குளத்து வாசலுக்கு வந்த பிறகுதான் கிளீட்டா கேட்டாள்.

"அம்மா, தண்ணி பட்டா முடி திரும்பச் சுருண்டுக்குமே?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அட ஆமாண்டி. இதை வெளிய சொல்லிடாதீங்க, என் கடைக்கு ஒருத்தியும் வர மாட்டா."

"நான் இறங்க மாட்டேன்பா," என்றாள் மேவிஸ். "நாளைக்கு நான் சர்ச்சுல பாடணும்."

"சுருட்டை முடியோட ஆட்டுக்குட்டி மாதிரி நின்னு பாடு," என்றேன்.

"இறங்குங்கடி. எல்லாருக்கும் ஓசில திரும்பப் பண்ணிவிடறேன்," என்றார் அக்கா.

இறங்கினோம். வெள்ளைக்காரர்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு கரையேறினார்கள். காவலாளி போய் மதகைத் திறந்துவிட்டான். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். தண்ணீர்தான் எழுந்து போனது. முழங்கால் தண்ணீரில் கிளீட்டா கையை அடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. எங்களை விட்டுவிட்டு அக்காவை மட்டும் கொண்டுபோனார்கள். அந்தக் கோடை அவருக்கு ஜெயிலில் போனது. திரும்பி வந்தபோது முன்பற்கள் இரண்டு இல்லை. எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லை.

குளம் எங்களுக்கும் வேண்டும் என்று அக்கா போட்ட வழக்கு ஜெயித்தது. குளம் எல்லாருக்கும் பொது என்றார் நீதிபதி. அடுத்த கோடையில் துண்டும் கையுமாகப் போனோம். லாரிகள் குளத்தில் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தன.

அங்கே நின்ற நகரசபை குமாஸ்தா அக்காவுக்கு மகனாகும் வயதுக்காரன்.

"இப்ப எல்லாரும் சமந்தானே வெர்னெல்? யாருக்கும் குளம் கிடையாது."

"என் பொண்ணு எங்க நீச்சல் பழகுவா, சார்?"

"அதான் ஆறு இருக்கே."

அக்கா திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து துணிக்கொடியை அவிழ்த்தார். ஆற்றங்கரையில் அதைக் கிளீட்டாவின் இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்கே தெரியாதே," என்றேன்.

"தெரியாதுதான். நீ கயித்தை விட்றாத."

உடுத்திய உடையோடு மார்பளவு தண்ணீர்வரை மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கையை எடுத்தார். கிளீட்டா நீந்தவில்லை, தண்ணீர் குடித்தாள். நான் இழுத்தேன். அக்கா அவளை வாரித் தோளில் போட்டு, இருமி ஓயும்வரை முதுகைத் தட்டினார்.

"இன்னொரு தடவை," என்றார்.