உறங்கும் இடையனை எழுப்பியவள்

சான்டா கிளாராவுக்கு நாங்கள் குடிவந்த முதல் டிசம்பரில், பக்கத்து வீட்டுக் கராஜுக்குள் நேப்பிள்ஸ் நகரம் இருப்பதாக அண்ணன் வந்து சொன்னான். எனக்கு எட்டு வயது. அவன் சொல்வதில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கம். அன்று அவன் சொன்னது முழுவதும் மெய்.

அந்த வீட்டில், இளமையிலேயே இத்தாலியிலிருந்து வந்துவிட்ட தம்பதியர் வாழ்ந்தனர். அங்கிள், ஆன்ட்டி என்றே அவர்களை அழைத்தோம். கார் நிற்க வேண்டிய இடத்தில், தக்கைப் பட்டையால் எழுப்பிய குன்றின்மீது, அங்கிள் பிறந்த ஊரின் பழைய தெருக்கள் ஏறி இறங்கின. கையகல மாடங்களில் துணி உலர்ந்தது. விரலளவுப் பொம்மைகளில் ஒருவன் செஸ்ட்நட் கொட்டை வறுத்தான். ஒருத்தி கூடையில் விலாங்கு மீன் விற்றாள். ரொட்டிக்காரனின் அடுப்புக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. தோல்துருத்தியில் இசை ஊதியபடி இருவர் மலையிறங்கி வந்தனர். இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே ஒரு மாட்டுத் தொழுவம். அதிலிருந்த தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நள்ளிரவில்தான் குழந்தை இயேசு அதில் வந்து சேருவார். ஆண்டுதோறும் அவரை அங்கே கிடத்துபவர் அங்கிள்.

அவ்வாண்டு அங்கிள் மருத்துவமனையில் இருந்தார். ஆன்ட்டி தனியாகவே நகரத்தை அமைத்திருந்தார். குழந்தையை வைக்கும் நாளுக்குள் அவர் வந்துவிடுவார் என்று, கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை அம்மா முறுக்குத் தட்டுடன் எங்களை அங்கே அழைத்துச் சென்றாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் நகரத்தைத் தெருத்தெருவாக ஆராய்ந்தேன். குன்றின் உச்சியில், ஆடுகளுக்கிடையே, ஓர் இடையன் மல்லாந்து படுத்திருந்தான். எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று பொருள். மறுநாள் எல்லாப் பொம்மைகளும் பெட்டிக்குள் போய்விடும். குழந்தை இன்னும் வரவில்லை, அங்கிளும் வரவில்லை. அதற்குள் இவனை யார் படுக்க வைத்தது? ஒருவரும் அறியாமல் அவனைத் தூக்கிப் பாறையில் சாய்த்து நிறுத்தினேன்.

ஆன்ட்டி பார்த்துவிட்டார். அவர் கையிலிருந்த முறுக்கு தரையில் விழுந்து நொறுங்கியது. பிறகு, ஆங்கிலத்தில் அவர் சொன்னார்: அந்த நகரம் முழுவதும் உறங்கும் இடையன் காணும் கனவாம், அவனை எழுப்பினால் எல்லாமே மறைந்துவிடும் என்பது அவருடைய ஊர் நம்பிக்கையாம்.

“போச்சுடி. ஒரு ஊரையே டெலீட் பண்ணிட்ட,” என்றான் அண்ணன்.

“நீ வாய மூட்றா.” அம்மா என் பக்கம் திரும்பினாள். “உன்ன யாருடி தொடச் சொன்னது?”

“பட் அம்மா, ஹீ வாஸ் லையிங் டவுன்! எல்லாம் முடிஞ்சிடும்ல? அங்கிள் இன்னும் வரவே இல்ல!”

அம்மாவின் கோபம் பாதியில் நின்றது. கொலுவின் முறையை ஆன்ட்டிக்கு ஆங்கிலத்தில் மெதுவாக எடுத்துரைத்தாள். ஆன்ட்டி கடைசி வரை கேட்டார். இடையனைத் தம் கையாலேயே மறுபடியும் கிடத்தினார். பின்னர் என்னை இழுத்து, மூச்சு முட்டுமளவுக்குக் கட்டிக்கொண்டார்.

அதன்பின் நாள்தோறும் பள்ளி விட்டதும், நகரம் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கிள் வந்தார். சக்கர நாற்காலியோடு அவரைக் கராஜுக்குள் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் வைக்க வேண்டிய குழந்தையை அவர் மாலை நான்கு மணிக்கே வைத்தார். அவர் கைக்கு அடியில் தாங்கலாக ஆன்ட்டியின் கை இருந்தது. முதலில் கைதட்டியவள் நான்தான். நகரம் மறையவில்லை, அங்கிளுக்கும் குணமாகிவிட்டது, என்மீது பழியுமில்லை.

“பாத்தியா? ஒண்ணும் ஆகல!” என்று அண்ணனை இடித்தேன்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன், “ஆமாடி,” என்று மட்டும் சொன்னான்.

வீடு திரும்பியதும் அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒரு பாத்திரமும் இன்றி நெடுநேரம் நின்றாள். அங்கிள் வீடு வந்த நன்னாளில் இவளுக்கு என்ன குறை என்று எனக்குச் சினம்கூட எழுந்தது. குணமானவர்களை மட்டுமல்லாமல், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றானவர்களையும் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் என்பதை அந்த வயதில் நான் அறிந்திருக்கவில்லை.