வல்லாஹி சொன்ன வகுப்பு

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த அதிபர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. பிள்ளைகளை நம்பினால் பிள்ளைகள் கொப்பியடிக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். தவணைப் பரீட்சை அன்று காலை பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை மண்டபத்தில் நிறுத்தி, "வல்லாஹி, பார்த்து எழுத மாட்டேன்" என்று சொல்ல வைத்தார். அல்லாஹ்வின் பெயரால் சத்தியம். பிறகு ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் அங்கே கென்டீன் நடத்துகிறவள். அதிபருக்குக் குடிக்கப் பிளேன்ரீ கொண்டுபோன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "சேர், ஒரு டீச்சரையாவது உள்ள நிக்கச் சொல்லுங்களே" என்றேன். "புள்ளைகள நம்புங்க ராத்தா" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ரோல்ஸ் இரண்டைக் காணாமலாக்குகிற கூட்டம் அது, அதை நம்ப வேண்டுமாம்!

கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் மகளும் அந்த வகுப்புத்தான். அந்தப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துத்தான் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். கணக்கு ஆசிரியர் ஒரே ஒருவர், சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் முதலாம் பிரிவுக்கு மட்டும் படிப்பிப்பார். இரண்டாம் பிரிவில் கணக்குப் பாட நேரத்துக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் வந்து நிற்பார்கள். என் மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர், நான் மாப் பிசைகிறவள், இதில் டியூஷனுக்கு எங்கே போவது? அந்த மனிதரின் வகுப்பை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

புள்ளிகள் வந்தன. என் மகள் இரண்டாம் பிரிவு. எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை முதலாம் பிரிவு. கணக்கு விளங்காமல் என் மகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தவள் அவள்.

"எப்பிடி மகள் இது?" என்று கேட்டேன்.

"அவங்க நல்லா எழுதினாங்க உம்மா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை கென்டீனில் ரோல்ஸ் தேங்கியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வழமைபோல வந்து நெருக்கினார்கள். பத்தாம் வகுப்பிலிருந்துதான் யாரும் வாங்க வரவில்லை. எவளோ என் எண்ணெயைப் பற்றிக் கதை கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. இனிப் பொறுக்க ஏலாது என்று, தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்தேன்.

"என்னடி, என்ட சாப்பாட்டுல என்ன குறை கண்டீங்க?"

"ஒண்டும் இல்ல மாமி. நோன்பு."

"இப்ப என்ன நோன்பு? றமழான் முடிஞ்சி எவ்வளவு காலம்!"

அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள். பரீட்சை முடிந்த பிறகு இஸ்லாம் பாடத்தில் மௌலவி சேர் சத்தியத்தைப் பற்றிப் படிப்பித்திருக்கிறார். "சத்தியத்த முறிச்சா பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கணுமாம் மாமி. அதுக்கு ஏலாட்டி மூணு நோன்பு புடிக்கணுமாம். எங்களுக்கிட்ட எங்க மாமி பத்துப் பேருக்குச் சாப்பாடு?"

முழு வகுப்புமா! கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "என்ட மகளுமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவ நேத்து உங்கட பக்கத்துல நிண்டுதானே மாமி பெட்டிஸ் திண்டா."

யா அல்லாஹ்! என் பிள்ளை தின்றதற்காக நான் அவ்வளவு சந்தோசப்பட்டது அவளுக்குப் பால் மறக்கடித்த காலத்துக்குப் பிறகு அன்றுதான். வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிப்பிடித்து, "ஏன்டி வாயைத் திறக்கல்ல?" என்று திட்டினேன். "சொன்னா, புள்ளி குறைஞ்ச எரிச்சல்ல சொல்றாளெண்டுதானே உம்மா நினைப்பாங்க" என்றாள்.

விடிந்ததும் அதிபரை ஒரு பிடி பிடிப்பது என்று கிளம்பினேன். எனக்கு முன்னே அடுத்த வீட்டுப் பிள்ளை அவருடைய அறை வாசலில் நின்றாள், பின்னால் வகுப்பே நின்றது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அதிபர் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவள், "திரும்ப வைங்க சேர். ஆனா சத்தியம் மட்டும் வேணாம். டீச்சர்மார நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

இந்தச் சத்தியம் வாங்குகிற வேலையால் பயன் உண்டா என்று கேட்டால், பரீட்சை மண்டபத்துக்குள் இல்லை என்றுதான் சொல்வேன். பார்த்து எழுதுகிற கையை அது நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதை வெறும் வாய்வார்த்தையாகவும் விடவில்லை. அதிபரும் ரோசப்படவில்லை. மறு பரீட்சைக்கு மண்டபத்தில் அவரே நின்றார். அதற்காக அவருக்கும் என் வாயால் நன்றி சொல்லியாயிற்று.

மறுபடி புள்ளிகள் வந்தன. என் மகள் முதலாம் பிரிவு, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வீட்டுப் பிள்ளை இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டாள். இறங்குவாள் என்று அன்று அந்த வாசலில் நின்றபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தாள். என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுக்க முடியாத இடத்தை அவள் விட்டுக் கொடுத்தாள். ஐந்து வேளையும் என் துஆவில் என் பிள்ளையோடு அவளும் இருக்கிறாள்.

அன்று இடைவேளைக்கு அவள் கென்டீனுக்கு வந்தாள். நான் கேட்குமுன் அவளே சொன்னாள்:

"விடுபட்ட நோன்பையும் நேத்துப் புடிச்சிட்டேன் மாமி, மூணும் முடிஞ்சிது. பசிக்குது."