பாதியாகத் தெரிந்த பருப்பு

அன்று கிரேடிங் மேசையில் இருந்தது நான். எனக்கு எதிரே இரணியலில் இருந்து வரும் அக்கா. அவள் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். பின்னால் நடந்துகொண்டு சூப்பர்வைசர் சார்.

அண்டி ஆபீஸ் என்போம், முந்திரி ஆலையை. முழுப்பருப்பு ஒரு தட்டில், உடைந்தது வேறு தட்டில். கண்தான் வேலை.

பத்து மணி இருக்கும். வலது கண்ணோரம் வெளிச்சம் வந்தது. கருக்கரிவாள் மாதிரி வளைந்து பல் பல்லாக மின்னியது. அது பரவிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு ஒரு கன்னம் இல்லை. அரை மணிக்குள் சென்னிக்குத்து, அந்த ஒற்றைத் தலைவலி, வரும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போயிருக்க வேண்டும். அந்த மாதம் ஏற்கெனவே பலமுறை எழுந்து போயாயிற்று. அதனால் இருந்தேன்.

விரல் மரத்தது. பாதியாகத் தெரிந்ததை எல்லாம் உடைசல் தட்டில் போட்டேன்.

சார் தட்டைப் பார்த்தார். "என்ன இது? முழுசெல்லாம் உடைசல்ல கெடக்கு?"

"பாதியாத்தான் தெரிஞ்சுது சார்."

"இந்த அக்கா பாதி ஒறக்கத்துல இருக்கா," என்று என்னைக் காட்டிப் புதுப்பெண் சிரித்தாள்.

"சிரிக்காதட்டி," என்றாள் இரணியல் அக்கா. "அவளுக்கு சென்னிக்குத்து. மொகம் வெளுத்துட்டு பாத்தியா?"

"தலவலி யாருக்குத்தான் இல்ல? ஒரு காப்பி குடிச்சா தீரும்," என்றார் சார்.

குழாயடியில் வாந்தி எடுத்தேன். இடது நெற்றிப்பொட்டில் உலக்கை போட்டது. வெயில் ஊசியாகக் குத்தியது. அக்காவிடம் தண்ணீர் கேட்க வாய் திறந்தேன். தண்ணீர் என்பதற்குப் பதில் தட்டு என்று வந்தது.

மறுநாள் சார் என்னை அண்டி உடைக்கும் இடத்துக்கு மாற்றினார். வறுக்கிற புகை முழுவதும் அங்கேதான். புகை பட்டால் வலி வரும் என்று சொன்னேன்.

"ஒரு மாசம் பாப்போம். வலி நாலு நாளுக்கு மேல வரலேன்னா மேசைக்கு வா," என்றார்.

நாகர்கோவில் டாக்டர் இது மூளை நரம்பு நோய், நடிப்பில்லை என்றார். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம், புகையை விட்டு விலகு என்றார். மாத்திரை தந்தார். வலிக்கிற நாளைக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னார்.

விலக வேண்டுமென்றால் மேசை கிடைக்க வேண்டும். மேசை கிடைக்க வேண்டுமென்றால் புகைக்குள் இருந்தும் வலி வராமல் இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் காலண்டரைச் சாரிடம் கொடுத்தேன். வட்டம் குறைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் விரல் வைத்து எண்ணினார். நானும் எண்ணினேன்.

பதினேழு.