பூட்டு உள்பக்கம் வந்த கதை

மலேசியாவில், கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் ஒரு கடைவரிசையின் படிக்கட்டுக் கைப்பிடி முழுவதும் நான் போட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலின் பின்வாசல் இரும்புக் கதவு, இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் ஜன்னல் கம்பிகள், கிள்ளானில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையின் கூரைச்சட்டம், சொந்தமாக இரண்டு பட்டறை, மூன்று லோரி, நான்கு பிள்ளைகளுக்கும் பட்டம். இத்தனையும் செய்தவன் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவன். முதன்முதலாகக் கடன் கேட்டுப் போனபோது வங்கி அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிறகு அவர் வீட்டு வாசலுக்கே கம்பிக் கதவு போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவர்தான் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் பெருமைப்படுவது ஒரு வாடகை வீட்டைப் பற்றி. கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலையில் இருக்கும் மாடி வீடு. எந்தத் தாமான் என்று சொல்லமாட்டேன், இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கைப் போரில் எல்லாவற்றையும் இழந்து, படக்கூடாததெல்லாம் பட்டு, இங்கே அகதியாக வந்து சேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் தங்குவதற்காக ஒரு தொண்டு சங்கம் எடுத்த வீடு அது.

சங்கத்தை நடத்திய டீச்சர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக் குடும்பத்துப் பெண், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் என் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு வீட்டுக்குக் கம்பி போட்டுத் தரணும். காசு இல்ல."

"காசு இல்லன்னா கம்பி எதுக்கு டீச்சர்? கயிறு கட்டிக்கலாம்லா."

"கயிறு கட்டறதுக்கு உங்ககிட்ட ஏன் வரேன்? கம்பி வேலையில கிள்ளான்லயே நீங்கதான் பெரிய ஆளுன்னு சொன்னாங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தேன். பாராட்டு எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று சொல்கிறவனை நான் நம்பமாட்டேன்.

எங்கள் ஊரில் கம்பி போடுகிறவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: திருடன் உள்ளே வர முடியுமா? அதற்குத்தான் முப்பது வருடமாக வேலை செய்து பழகியிருந்தேன். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் கனமான கம்பிக் கதவு போட்டேன். மாடி ஜன்னல் ஒன்றையும் விடவில்லை. டீச்சர் சாயங்காலம் வெளியிலிருந்து பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார், காலையில் வந்து திறப்பார் என்று ஏற்பாடு. அதனால் பூட்டுகள் எல்லாம் வெளிப்பக்கம். வேலை முடிந்ததும் தெருவில் நின்று பார்த்தேன். எனக்கே கர்வமாக இருந்தது.

மறுநாள் மதியம், திறப்பு விழாவுக்கு நான் வந்து நின்றபோது, முதலில் வந்து இறங்கியது ஒரு தாயும் அவள் மகளும். பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். அதுவரை ரவாங்கில் கட்டட வேலை செய்கிறவர்கள் தங்கும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அங்கே ஒருவன் பிள்ளையைப் பார்க்கும் பார்வை சரியில்லை என்றுதான் டீச்சர் அவசரமாக அழைத்து வந்திருந்தார். கம்பிக் கதவை இழுத்து, பூட்டைப் போட்டுக் காட்டி, சாவியைத் தம் கைப்பைக்குள் போட்டார்.

அவ்வளவுதான். அந்தத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய், சாக்கடை ஓரத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். துணிப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. திரும்ப ரவாங்குக்கே போகிறேன் என்றாள்.

நான் போய்ப் பேசினேன். "என்னம்மா, எல்லாம் புதுக் கம்பி. யானை வந்து முட்டினாலும் அசையாது."

"திறப்பு ஆரிட்ட இருக்கும், அண்ணை?" சாவியை அவர்கள் திறப்பு என்பார்கள்.

"டீச்சர்கிட்ட. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"முகாமிலயும் அப்பிடித்தான் சொன்னவை. முள்ளுக்கம்பி எங்கட பாதுகாப்புக்குத்தானாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசியில் போட்ட கம்பி, அதிலும் குற்றமா? "அந்தக் கொட்டகையில கதவே இல்லயாம். எவன் வேணும்னாலும் நுழைவான். அதுக்கு இது மோசமா?"

"நுழைவான் எண்டு தெரியும். அதாலதான் நான் இரவில நித்திரை கொள்ளுறேல்ல. ஆனா அங்க ஓடலாம். இஞ்ச ஆரும் வந்தா பிள்ளையைக் கொண்டு நான் எங்கால ஓடுறது?"

முப்பது வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. அந்தச் சிறுமி வாசலுக்குத் திரும்பிப் போய், என் கம்பிகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தாண்டிப் போனது. தோளில் தட்டி நின்றது.

லோரியிலிருந்து வெட்டும் மெஷினை எடுத்து வந்தேன். நேற்றுப் பற்றவைத்த பூட்டு வளையங்களை நானே அறுத்தேன். தெருவெல்லாம் தீப்பொறி. அந்த நேரம் பார்த்துச் சங்கத் தலைவர், ஒரு வழக்கறிஞர், திறப்பு விழாவுக்குக் கேக்கோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? நேத்துதானே போட்டீங்க!"

"நேத்து தப்பா போட்டேன். பூட்டு உள்ள வரணும். சாவி இவங்க கையில இருக்கணும்."

"ஆளுக்கொரு சாவி இருந்தா யாரு பொறுப்பு? மீட்டிங் போட்டுத்தான் முடிவு பண்ண முடியும். உங்களுக்குச் சட்டம் தெரியாது."

"தெரியாதுதான். தீப்பிடிச்சா சட்டமா வந்து திறக்கும்? மீட்டிங் முடியற வரைக்கும் இந்தப் பிள்ளை தெருவுலயே இருக்கணுமா?"

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு..."

"கம்பின்னு ஒண்ணும் இருக்கு. என் கம்பி. சாவி அவங்ககிட்ட போகலன்னா, அத்தனையும் அறுத்து லோரியில ஏத்திக்கிட்டுப் போறேன். உங்க கேக்கை வெறும் வீட்டுல வெச்சி வெட்டுங்க."

தலைவர் முகம் சிவந்தது. டீச்சர்தான் கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்துக்கொண்டுபோய் அந்தத் தாயின் கையில் கொடுத்தார்.

பிறகு நான் நிமிரவில்லை. தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து கை எட்டாதபடி தகடு அடித்தேன். மாடியின் பின் ஜன்னலில் உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒரு பகுதியை வெட்டி, ஏணி பொருத்தினேன். தங்கப் போகும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி வெட்டிவரச் சொன்னேன்.

அந்தத் தாய் உள்ளே நின்று பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். பிறகு என்னைத் தெருப்பக்கம் நிற்கச் சொன்னாள்.

"தள்ளுங்கோ அண்ணை."

தள்ளினேன்.

"வடிவாத் தள்ளுங்கோ. எங்க உங்கட யானை?"

தோளைக் கொடுத்து முட்டினேன். அசையவில்லை. அதற்கப்புறம்தான் அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள்.

ரவாங்கிலும் டெங்கிலிலும் இதே மாதிரி வீடுகள் பின்னால் வந்தன. இரண்டுக்கும் நான்தான் உள்பூட்டு வைத்தேன். இப்போது சங்கம் ஆண்டுவிழா மலர் போட்டிருக்கிறது, ஆங்கிலத்தில். என் மகள் படித்துச் சொன்னாள். உள்பூட்டு முறையை ஆலோசித்து வகுத்தது நிர்வாகக் குழுவாம். என் பெயர் கடைசிப் பக்கத்தில், அரிசியும் சமையல் எண்ணெயும் கொடுத்தவர்களுக்கு நடுவில்.

தலைவருக்குப் போன் போட்டேன். சிரித்தார். "எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே அண்ணே. பேருக்கா செஞ்சீங்க?"

"ஆமா. பேருக்கும்தான் செஞ்சேன்."

பெயரோடு விட்டிருந்தால்கூட ஒரு நாள் முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். போன வாரம் காப்பாரில் எடுக்கப்போகும் புது வீட்டுக்கு விலை கேட்டு ஒரு வரைபடம் அனுப்பினார்கள். அதில் பூட்டு வெளிப்பக்கம். சாவி அலுவலகத்தில். மலரில் எழுதியவர்களுக்கே பூட்டு எப்படி உள்பக்கம் வந்தது என்று தெரியவில்லை, அதனால்தான் மறுபடியும் என் பழைய தப்பையே செய்யப் போகிறார்கள். இன்னொரு தாய் இன்னொரு சாக்கடை ஓரத்தில் உட்காரப் போகிறாள்.

அந்தத் தாய் இப்போது தையல் வேலை செய்கிறாள். மலரில் அவள் பெயரைப் போடச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "என்ர பேர் வேண்டாம் அண்ணை. நான் கேட்டதைப் போடுங்கோ. உங்கட பேரைப் பெரிசாப் போடுங்கோ, அது இல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது" என்றாள்.

ஆகவே தலைவருக்கும் குழுவுக்கும் இதை எழுத்தில் கேட்கிறேன். மலரைத் திருத்தி அச்சடியுங்கள். முதலில் பூட்டை வெளியே வைத்த மடையன் நான் என்று என் முழுப்பெயரோடு போடுங்கள். ஒரு தாய் கேட்ட கேள்வியை அவள் கேட்டபடியே போடுங்கள். அறுத்தெடுத்து உள்ளே வைத்ததும் நான்தான் என்று போடுங்கள், அப்போது யார் தடுத்தார் என்பதையும் சேர்த்து. அதையும் தமிழில் போடுங்கள், நானே படிக்க வேண்டும். அது என் கைக்கு வந்த பிறகு காப்பார் வீட்டுக்குக் கம்பி வரும்.