பார்க்காமல் போடும் கை

பார்சல் கிடங்கில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை; ஒரு காலத்தில் அங்கேயே பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்தவள். நீள மேசையின் ஒரு முனையில் உள்ளூர்க் கூண்டு, மறுமுனையில் வெளியூர்க் கூண்டு; மேசையின் இரண்டு பக்கமும் ஆட்கள் எதிரெதிரே நிற்பார்கள். கண் முகவரியைப் படித்து முடிப்பதற்குள் அவள் கை பார்சலைப் போட்டிருக்கும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஓர் அறையும் கரும்பலகையும் கொடுத்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள். பாடம் ஒன்றேதான்: "கூண்டைப் பாக்காதீங்க. கை தானாப் போகும்."

இந்தக் கோடையில் பார்சல்கள் கூண்டு மாறி விழ ஆரம்பித்தன. மறுபடி பயிற்சி கொடுக்கச் சொன்னார் மானேஜர். கொடுத்தாள். தப்பு கூடியது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். இன்னும் கூடியது. அதிலும் அதிகம் தப்பு விட்டது யாரென்று நினைக்கிறீர்கள்? அவளிடம் நன்றாகக் கற்றுக்கொண்ட அவளுடைய சொந்த நாத்தனார்!

"இனி ஒரு தப்பு வந்தாலும் உங்க நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் மானேஜர்.

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நன்றாகப் படித்த பிள்ளையா ஃபெயிலாகும்?

வகுப்பை மூடிவிட்டு மேசையருகே போய் நின்றுகொண்டாள். காலையில் ஒரு தப்பும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலைப் பார்த்து நின்றவர்கள் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாவம், அவர்களே எவ்வளவு நேரம்தான் காய்வார்கள்? டீ குடித்துவிட்டு வந்ததும் இரண்டு பக்கத்தாரும் இடம் மாறிக்கொண்டார்கள். தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு. பக்கம் மாறியதும் வலது கைப் பக்கம் இருந்த கூண்டு இடது கைப் பக்கம் வந்துவிட்டது. கைக்கு அது தெரியுமா? அது டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே போனது.

சொன்னால் பழி தன் பாடத்தின் மேல் விழும். சொல்லாவிட்டால் நாத்தனாருக்கு வேலை போகும். யோசித்து யோசித்துக் குழம்பி, கடைசியில் மானேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஜன்னலுக்குத் திரை வந்தது. யாரும் இடம் மாறவில்லை. தப்பும் நின்றது.

"ஒரு துண்டுத் துணி செஞ்சதை உங்க வகுப்பு செய்யலையே" என்று மானேஜர் சிரித்தார். "நாத்தனார் இருக்கட்டும். நாளையிலேருந்து நீங்களும் மேசைக்கே வந்துடுங்க. அடுத்த வருஷம் மெஷினே பிரிக்கப்போகுது, அப்புறம் வகுப்பு எதுக்கு?"

பாராட்டுகிறாரா, தண்டிக்கிறாரா? அவளுக்கு விளங்கவில்லை. சந்தோஷப்பட நினைத்தாள், அழுகை வந்தது.

மறுநாள் மேசையில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது, அவள் முன்பு நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில். பக்கத்தில் நாத்தனார். டீச்சர் முதல் பார்சலை எடுத்தாள். உள்ளூர் முகவரி. பழைய வேகத்தில் கை வீசியது.

நாத்தனார் எட்டி, வெளியூர்க் கூண்டிலிருந்து அதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"பாத்துப் போடுங்க, அண்ணி."